யூரின் பையைப் பாருங்கள்

மதுரைப் பக்கத்து ஐ.சி.யூ.க்களில் இரவு டியூட்டி பார்க்கும் தங்கச்சிமார், தம்பிமார் கவனத்துக்கு.

மூளைச்சாவு என்று இரண்டாவது முறையும் உறுதியாகி, உறுப்பு தானத்துக்குக் குடும்பம் சம்மதித்த பிறகும், உறுப்பு எடுக்கப் பல மணி நேரம் ஆகும். கிட்னி, லிவர் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

யூரின் பச்சைத் தண்ணீர் மாதிரி வெளுத்து, மணிக்கு 300, 400 மில்லி என்று இறங்குகிறதா? பிட்யூட்டரி நின்றுவிட்டது, யூரினைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனான வாசோபிரெசின் சுரக்கவில்லை. உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். இழப்பை நார்மல் சலைனாலேயே ஈடுகட்டினால் ரத்தத்தில் சோடியம் ஏறிக்கொண்டே போகும். 155-ஐத் தாண்டினால் லிவருக்கு நல்லதில்லை. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், மூக்குக் குழாயில் வெறும் தண்ணீர், கூடவே வாசோபிரெசின் மணிக்கு 1, 2 யூனிட். இது பிரஷரையும் தாங்கும், பிரஷரை ஏற்றும் மருந்தான நோர்அட்ரினலினைக் குறைக்கலாம். சராசரி பிரஷர் 65-க்குக் கீழே போகக் கூடாது.

மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கிலோவுக்கு 15 மி.கி. டைடல் வால்யூம், அதாவது வென்டிலேட்டர் ஒரு மூச்சுக்குத் தள்ளும் காற்று, கிலோவுக்கு 6 முதல் 8 மில்லி, உயரத்துக்கு ஏற்ற எடைக்கு. தானாக மூச்சு வருகிறதா என்று பார்க்கும் ஆப்னியா டெஸ்ட் முடிந்ததும் சுருங்கிய நுரையீரலை விரிக்கப் பலர் மறந்துவிடுகிறார்கள், வருத்தமாக இருக்கிறது.

உடம்பு தானாகச் சூடு பிடிக்காது. ஏசியின் குளிரைக் குறைத்து, போர்வையால் மூடி 35 டிகிரிக்கு மேல் வையுங்கள்.

கண்ணையும் பாருங்கள். இமை திறந்தே கிடந்தால் கருவிழி காய்ந்துவிடும். மெல்ல மூடி, ஈரப் பஞ்சு வையுங்கள்.