துருப்பிடித்த ரிவால்வருக்கு மறுபடி கறுப்பு ஏற்றியது

ஹூஸ்டன் காற்றில் வருடம் முழுக்க ஈரம்தான். அந்த ஈரத்தில் தோல் உறைக்குள்ளேயே நெடுங்காலம் கிடந்த ஒரு ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வர் எனக்கு மலிவாகக் கிடைத்தது. ஒரு பக்கம் பழைய நீலக்கறுப்பு மெருகு நன்றாகவே இருந்தது. உறையில் படிந்து கிடந்த பக்கம் குழல் நெடுகச் செந்துரு. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். துப்பாக்கியை உறையிலேயே போட்டு வைக்கக் கூடாது என்று இங்கே எல்லோரும் சொல்வது அதனால்தான்.

மெருகு மாற்றும் முன் அது எந்தத் துப்பாக்கி என்று தெரிய வேண்டும். அரிய பழைய மாடல் என்றால், தேய்ந்திருந்தாலும் தொழிற்சாலை மெருகுக்குத்தான் மதிப்பு. புதுசாக மெருகு ஏற்றினால் சேகரிப்பாளர்களிடம் விலை பாதாளத்துக்குப் போய்விடும். தோட்டா போடும் உருளையைத் திறந்து துப்பாக்கியின் உடற்சட்டத்தைப் பார்த்தேன், 'மாடல் 10' என்ற முத்திரை இருந்தது. 1899-இல் வந்த இந்த ரகத்துக்கு மாடல் எண் கொடுத்ததே 1957-இல்தான். ஒரு காலத்தில் அமெரிக்கப் போலீஸ்காரர்கள் பலரின் இடுப்பில் இருந்தது இதுதான். லட்சக்கணக்கில் செய்தார்கள், அதனால் தாராளமாகக் கை வைக்கலாம்.

முதலில் எண்ணெய் விட்டு, மிக மெல்லிய நான்கு சைபர் ஸ்டீல் வுல்லால் (இரும்பு இழைப் பஞ்சு) அழுத்தாமல் தேய்த்தேன். மேல்துரு வந்துவிட்டது, குழலில் மட்டும் சின்னச் சின்னக் குழிகள் நின்றன. துரு நீக்கும் திரவத்தில் ஊறப்போடலாமே என்று கேட்பார்கள். நல்ல பக்கத்தில் இருக்கும் நீலக்கறுப்பும் ஒருவகை இரும்பு ஆக்சைடுதான். திரவம் இரண்டையும் சேர்த்தே தின்றுவிடும்.

அப்புறம் எந்த வழி என்று யோசித்தேன். இந்த நீலக்கறுப்பு ஏற்றுவதைத்தான் புளூயிங் என்பார்கள். கடையில் விற்கும் கோல்டு புளூ (சூடாக்காமல் பூசும் திரவம்) சின்னக் கீறலை மறைக்கும், முழுத் துப்பாக்கிக்குத் தாங்காது. செராகோட் மாதிரி பீங்கான் பூச்சு துருவுக்கு எதிராக அருமையாக நிற்கும், ஆனால் மணல் பீச்சி, பெயின்ட் போலத் தெளித்து, சூளையில் வேகவைத்த அந்த மட்டான தோற்றம் இந்தப் பழைய ரிவால்வருக்குப் பொருந்தாது. பாஸ்பேட் ஏற்றும் பார்க்கரைசிங் ராணுவத் துப்பாக்கிக்குப் பொருத்தம். நிக்கல் முலாம் பளபளக்கும், ஆனால் அடியில் இருக்கும் குழிகளையும் அப்படியே காட்டிக்கொடுக்கும். ஹாட் புளூயிங் என்ற சூடான முறையில் காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் 140 டிகிரி செல்சியஸ் அளவில் கொதிக்கும். அதை வீட்டில் செய்ய நினைக்கவே கூடாது. கடையில் கொடுக்கலாம், ஆனால் பல கடைகளில் மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தில் வைத்து அழுத்திவிடுவார்கள்: விளிம்பு மழுங்கும், திருகுத் துளை பள்ளமாகும், எழுத்து கரையும். எனக்கு அதுதான் பயம்.

அதனால் ரஸ்ட் புளூயிங்கைத் தேர்ந்தெடுத்தேன். வேண்டுமென்றே மெல்லிய துருவை வரவழைத்து, கொதிநீரில் போட்டுச் செந்துருவைக் கறுப்பு ஆக்சைடாக மாற்றும் பழைய முறை இது. ஈரக் காற்று இதற்கு வேண்டும், அது இந்த ஊரில் இலவசம்!

தோட்டா இல்லை என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துவிட்டுக் கழற்றினேன். பக்கத் தகட்டை நெம்பக் கூடாது, திருகுகளை எடுத்துவிட்டுக் கைப்பிடிச் சட்டத்தை ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டினால் தானே எழும்பி வரும். பிறகு உப்புத்தாளைத் தட்டையான மரக்கட்டையில் சுற்றிக் கையாலேயே தேய்த்தேன். எழுத்துகள் இருக்கும் இடத்தில் குழி மிச்சம் இருந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். கைப்பிடி அடியில் இருக்கும் வரிசை எண்ணைத் தொடவே இல்லை. அதை அழிப்பது இங்கே அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி குற்றம். துப்பாக்கியின் சுத்தியலும் (ஹேமர்) விசையும் (ட்ரிகர்) தொழிற்சாலையிலேயே வேறுவிதமாகப் பதப்படுத்தி வண்ணம் ஏறியவை, அவற்றை ஒதுக்கி வைத்தேன்.

குழலின் உள்பக்கத்துக்கும் தோட்டா அறைகளுக்கும் வார்னிஷ் பூசிக் காயவிட்டேன். அசிட்டோனால் எண்ணெய்ப் பசையை எடுத்த பின் கையுறை இல்லாமல் தொடக் கூடாது, விரல் ரேகை அப்படியே பதிந்துவிடும். துருவை வரவழைக்கும் அமிலக் கரைசலில் பஞ்சை நனைத்துப் பிழிந்து, ஒரே இழுப்பாக மெல்லிசாகப் பூச வேண்டும், வழிந்தால் திட்டு விழும். குளியலறையில் வெந்நீர் வாளியோடு தொங்கவிட்டால் சில மணி நேரத்தில் ஆரஞ்சுத் துரு மென்மயிர் போலப் பூக்கும். வாலை வடிநீரில் கொதிக்கவிட்டால் அது கண்ணெதிரே வெல்வெட் கறுப்பாக மாறும். குழாய்த் தண்ணீர் கறை விடும். எண்ணெய்ப் பசை நீக்கிய ஸ்டீல் வுல்லால் அந்தக் கறுப்புப் பொடியைத் துடைத்தால் அடியில் சாம்பல் நிறம் தெரியும். முதல் சுற்றில் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும், பதற வேண்டாம். இதையே திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய நிறம் ஆழமாகும். இனி ஆழமாகவில்லை என்றால் நிறுத்திவிடலாம்.

கடைசியாகச் சமையல் சோடா கலந்த நீரில் கொதிக்கவிட்டேன், மிச்ச அமிலம் அப்போதுதான் அடங்கும். இரவு முழுக்க எண்ணெயில் ஊறவிட்டு, வார்னிஷை எடுத்துவிட்டுப் பாகங்களை மறுபடி பூட்டினேன். சுடும் முன் துப்பாக்கி மெக்கானிக் ஒருவரிடம் காட்டி, உருளை குழலுக்கு நேராகப் பூட்டிக்கொள்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். சரியாக இருந்தது.

கூர்ந்து பார்த்தால் குழலில் குழிகள் தெரிகின்றன, ஆனால் எழுத்து ஒவ்வொன்றும் கூர்மையாக நிற்கிறது. இந்தக் கறுப்பு தனியாகத் துருவைத் தடுத்துவிடாது, மேலே எண்ணெய் இருக்க வேண்டும். தொட்ட பிறகெல்லாம் எண்ணெய்த் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட இரும்புப் பெட்டியில் உறை இல்லாமல் பூட்டி வைக்கிறேன்.