பத்தரைக்கு முன்னால் கோர்ட்டுக்குப் போங்கள்

தாலுகா கோர்ட்டுக்கு முதல் தடவை போய்வரும் சட்ட மாணவர்கள் பெரும்பாலும் ஒரே குறையோடு திரும்புகிறார்கள்: "வரிசையா கேஸ் கூப்பிட்டாங்க, ஒண்ணுகூட நடக்கல." நடந்தது, எதைக் கவனிப்பது என்று யாரும் சொல்லி அனுப்பவில்லை. பாடப்புத்தகத்தில் ஒரு வழக்கு வாதி தாக்கல் செய்யும் பிராதில் தொடங்கி தீர்ப்பில் முடியும். கோர்ட்டில் அதே காலையில் ஒரு வழக்குக் கட்டு பிரதிவாதியின் எழுத்துப் பதிலான எதிர்வழக்குரைக்காகவும், இன்னொன்று எழுவினா (தீர்மானிக்க வேண்டிய கேள்விகள்) வனையவும், மற்றொன்று குறுக்கு விசாரணைக்காகவும் நிற்கும். ஒரு வழக்கை முழுதாக ஒரே நாளில் பார்க்க முடியாது. ஆனால் வழக்கின் கட்டங்கள் பெரும்பாலானவற்றை ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

அதற்குப் பத்தரைக்கு முன்பே உள்ளே இருக்க வேண்டும். நீதிபதி அமர்ந்ததும் நடப்பது கால் ஒர்க், அதாவது அன்றைய வழக்குகளை வரிசையாகக் கூப்பிடுவது. பென்ச் கிளார்க் கட்டை எடுத்து எண்ணைச் சொல்வார். அலுவலக உதவியாளர் வாசலில் நின்று பெயரை உரக்கக் கூப்பிடுவார். ஒரு கட்டுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. அதற்குள் காதில் வாங்க வேண்டியது வாய்தா தேதியை அல்ல, வாய்தா ஏன் என்பதை. சம்மன் சார்வாகவில்லை (உரியவரிடம் சேரவில்லை), சம்மன் அனுப்பும் செலவான படியை வாதி கட்டவில்லை, சாட்சி வரவில்லை, வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார், சற்றுப் பிறகு கூப்பிடும்படி பாஸ் ஓவர் கேட்கிறார் ஜூனியர். எதிர்வழக்குரைக்கு 30 நாள், அதிகபட்சம் 90 நாள் என்று படித்திருப்பீர்கள். சாதாரண உரிமையியல் வழக்குகளில் அந்த 90 நாள் மீற முடியாத எல்லை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2005-லேயே சொல்லிவிட்டது. விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் இல்லை என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 17. அந்த விதி எந்தெந்தக் காரணங்களால் வளைகிறது என்பது ஒரு வாரம் கால் ஒர்க்கை உட்கார்ந்து கேட்டாலே தெரிந்துவிடும்.

குற்றவியல் கோர்ட்டில் இப்போது பிரிவு எண்கள் தலைசுற்ற வைக்கும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அமலுக்கு வந்த 2024 ஜூலை 1-க்கு முன்பே தொடங்கிய விசாரணைகள் பழைய நடைமுறைச் சட்டப்படியே நடக்கின்றன. எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) வர முடியாத நாளில் போடும் மனுவை வக்கீல்கள் '317' என்றே சொல்லிப் பழகியவர்கள். புதிய சட்டத்தில் அது 355. எதிரியை நீதிபதி கேள்வி கேட்கும் '313', இப்போது 351. நோட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கால் ஒர்க் முடிந்த பிறகுதான் கூண்டில் சாட்சி ஏறுவார். உரிமையியல் வழக்கில் சாட்சியை அழைத்த தரப்பே நடத்தும் முதல் விசாரணையைக் காதால் கேட்கலாம் என்று போனால் ஏமாற்றம்தான். அது புரூப் அஃபிடவிட்டாக, அதாவது எழுத்து வடிவப் பிரமாண வாக்குமூலமாக, ஏற்கெனவே கட்டில் இருக்கும்; வா.சா.ஆ.1, 2 (வாதி தரப்புச் சான்றாவணம்) என்று ஆவணங்களைக் குறியீடு செய்துவிட்டு, குறுக்குக்கு வாய்தா போட்டுவிடுவார்கள். ஜெராக்ஸ் நகலா, முத்திரைத்தீர்வை குறைவா என்ற ஆட்சேபணைகள் கிளம்புவது அந்த இடத்தில்தான்.

சாட்சியம் பதிவாகும் விதத்தைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். "சம்பவ எடத்துல லைட்டே இல்லதானே?" என்று வக்கீல் கேட்பார். சாட்சி "ஆமாங்க" என்பார். தட்டச்சில் ஏறுவது: "சம்பவ இடத்தில் மின்விளக்கு இல்லை என்று சொன்னால் சரிதான்." சாட்சி மறுத்தால் "சரியல்ல". கேள்வி தனியாக நிற்காது, பதிலுக்குள் கரைந்துவிடும். சாட்சி தயங்கிய தயக்கமும் பக்கத்தில் திரும்பிப் பார்த்த பார்வையும் தாளில் வராது. சாட்சியின் நடத்தை குறித்து நீதிபதி தனியாகக் குறிப்பு எழுதலாம், சட்டம் அனுமதிக்கிறது, எழுதப்படுவது அபூர்வம். மேல்முறையீட்டு நீதிமன்றம் படிக்கப்போவது அந்தத் தாளை மட்டுமே. அதனால்தான் தேர்ந்த வக்கீல், நீதிபதி தட்டச்சருக்குச் சொல்லும் வாக்கியத்தில் ஒரு சொல் மாறினாலும் உடனே எழுந்து நின்று திருத்தக் கேட்கிறார். அந்தத் திருத்தங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். விசாரிக்கப்படாத சாட்சிகளை வராந்தாவில் நிறுத்தியிருப்பார்கள், முந்தைய சாட்சி சொன்னது காதில் விழக்கூடாது என்பதற்காக. டீ குடிக்க வெளியே வரும் மாணவர் "உள்ள என்னப்பா கேட்டாங்க?" என்ற கேள்விக்கு நல்ல மனதோடு பதில் சொன்னால், அந்த ஏற்பாடே வீணாகிவிடும். யார் கேட்டாலும் சிரித்துவிட்டு நகருங்கள். போக்சோ (குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள்), பாலியல் வன்கொடுமை வழக்குகளைக் கூப்பிட்டால் யாரும் சொல்லும்வரை காத்திராமல் வெளியே வந்துவிடுங்கள். அவை மூடிய அறையில் நடக்க வேண்டியவை.

வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை போதும். கழுத்துப்பட்டையும் அங்கியும் பதிவு பெற்ற வக்கீல்களுக்கு உரியவை. மேசையை ஒட்டிய நாற்காலிகளும் அவர்களுக்கே.

பார் கவுன்சில் பாடத்திட்டத்தில் ஓர் உரிமையியல் வழக்கும் ஒரு குற்றவியல் வழக்கும் பார்த்து எழுதுவதற்கு 30 மதிப்பெண். இதற்குக் கொலை வழக்கைத் தேடிப் போகிறவர்கள் அதிகம். சாட்சிப் பட்டியல் நீளமாக இருக்கும், பருவம் முடிந்தாலும் விசாரணை முடியாது. உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) கேட்கும் ஒரு சிறு வழக்கும், அடிதடியில் காயம்பட்ட ஒரு வழக்கும் போதும். சாட்சிகள் குறைவு, தகராறு என்னவென்று எளிதில் பிடிபடும். எந்த வழக்கு குறுக்கு விசாரணைக் கட்டத்தில் இருக்கிறது என்று ஜூனியர் வக்கீல்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். தேர்ந்தெடுத்ததும் அந்த வழக்குக்கே உரிய அடையாள எண்ணான சிஎன்ஆர் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். எழுத்தும் எண்ணுமாகப் பதினாறு, தமிழ்நாட்டில் டிஎன் என்று தொடங்கும், கடைசி நான்கும் ஆண்டு. நீதிமன்றங்களின் இகோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த தேதியும் எந்தக் கட்டம் என்பதும் வரும். நீதிபதி விடுப்பில் இருக்கும் நாளில் வீணாகப் பஸ் ஏற வேண்டியதில்லை. தீர்ப்பு அதில் ஏறியதும் இறக்கிப் படியுங்கள். நீங்கள் நேரில் கேட்ட குறுக்கு விசாரணையிலிருந்து எந்த இரண்டு மூன்று வரிகளை நீதிபதி எடுத்தாண்டிருக்கிறார் என்று உங்கள் நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.