இலங்கை மலைநாட்டில் ஒரு முகாம் வேன்: காற்றோட்டப் பராமரிப்பு நாட்குறிப்பு

ஜூன் 8, ஹட்டன்

தென்மேல் பருவக்காற்று மழை பிடித்துவிட்டது. காலையில் மெத்தையைத் தூக்கினால் அடிப்பலகை முழுவதும் ஈரம். கூரையில் ஒழுக்கு இல்லை. இரவு உள்ளே உறங்கியவர்களின் மூச்சும், தேநீருக்கு மூட்டிய கேஸ் அடுப்பும் தந்த நீர்தான் அது. ஒரு கிலோ எரிவாயு எரியும்போது ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி பிறக்கிறது என்றால் பலர் நம்புவதில்லை.

"பனி உள்ளுக்கு வந்திரும், ஜன்னலச் சாத்து தம்பி" என்கிறார் அக்கா. ஆனால் வெளியே 14 பாகை செல்சியஸில் நிற்கும் மூடுபனிக் காற்றின் ஒரு கனமீற்றரில் ஏறத்தாழ 12 கிராம் நீராவிதான் இருக்கும். அதே காற்று உள்ளே வந்து 20 பாகைக்குச் சூடானால் அதன் சாரீரப்பதன் (காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் இருக்கும் பங்கு) 70 வீதமளவுக்கு இறங்கிவிடும். எனவே சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னலை இரண்டு விரற்கடை திறந்து வைப்பதே, மழை நாளிலும், வேனை உலர்த்தும் வழி.

ஜூன் 9, ஹட்டன்

ஃபியூஸைக் கழற்றிய பிறகு 12 வோல்ட் கூரை விசிறியின் உள்வலையை எடுத்தேன். இதழ்களில் சமையல் எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசினாக ஒட்டியிருந்ததைச் சவர்க்கார நீரில் ஊறவைத்துக் கழுவினேன். கையால் சுழற்றியபோது கரகரப்பு இல்லாததால் மோட்டாரைத் தொடவில்லை. மூடிய பெயாரிங்குக்கு எண்ணெய் விடுவது வீண் வேலை. விசிறி காற்றை வெளியே தள்ளவேண்டும். அதற்கான காற்று வேனின் மறுமுனையில், தாழ்வான ஜன்னல் வழியாக வரவேண்டும். விசிறிக்கு அருகிலுள்ள ஜன்னலைத் திறந்தால் காற்று அங்கேயே சுற்றி வெளியேறிவிடும். படுக்கைப் பக்கம் அசையாது.

ஜூன் 22, பண்டாரவளை

விசிறிச் சட்டத்தின் பழைய சிலிக்கன் வெடித்திருந்தது. ஹட்டனில் கூரை காய்வதற்கு இந்த மாதத்தில் வாய்ப்பே இல்லை. தென்மேல் பருவத்தில் மேற்குச் சரிவு நனையும்போது பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் காற்றும் வெயிலுமாக இருப்பதால் இந்த வேலைக்கென்றே இங்கு வந்தேன். பழைய சிலிக்கனைத் துளியும் விடாமல் சுரண்டவேண்டும், ஏனெனில் அதன்மேல் வேறெந்தப் பசையும் பிடிக்காது. சட்டத்தின் அடியில் பியூட்டைல் நாடாவை (நீர் புகாத ஒட்டும் ரப்பர் நாடா) வைத்து, திருகாணிகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கினேன்.

ஜூலை 5, எல்ல

வெல்லவாயவிலிருந்து எல்ல வரை, முப்பது கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்தில், 800 மீற்றருக்கு மேல் ஏறவேண்டும். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தபோது எஞ்சின் வெப்பமானி முள் மேலே நகரத் தொடங்கியது, ஏ.சி.யை நிறுத்தி, எஞ்சின் சூட்டை இழுக்கும் ஹீட்டரை முழுவதும் திறந்ததும் இறங்கியது. இரண்டாம் கியரில் ஊரும் வேனுக்கு எதிர்க்காற்று குறைவு. அதற்கு மேல், ஏ.சி.யின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பதால், தன் சூட்டை அதன்மேல்தான் கொட்டுகிறது.

எஞ்சின் நன்கு ஆறிய பிறகு இரண்டுக்கும் இடையில் டோர்ச் அடித்துப் பார்த்தால் காய்ந்த இலையும் பூச்சியும் கம்பளம்போல் படிந்திருந்தன. வெளியிலிருந்து பார்க்கும் எவருக்கும் கண்டென்சர் சுத்தமாகவே தெரியும், அடைப்பு நடுவில்தான். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்நோக்கி, குழாயின் மெல்லிய அழுத்தத்தில் நீர் விட்டேன். அழுத்தக் கருவியால் பீச்சினால் தகடுகள் மடங்கி, அடைப்பு நிரந்தரமாகிவிடும்.

ஏ.சி.க்கு வாயு நிரப்பும் வேலையில் நான் கை வைப்பதில்லை. ஆர்134ஏ வாயு, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்குவது. 2016 கிகாலி ஒப்பந்தம் அத்தகைய வாயுக்களைக் குறைக்கவே செய்யப்பட்டது. வாயுவைத் திறந்துவிடாமல் மீட்டெடுக்கும் இயந்திரம் உள்ள கராஜையே தேடவேண்டும்.

ஜூலை 13, நுவரெலியா

1,868 மீற்றர் உயரத்தில் ஏ.சி. எதற்கு என்று சிரிப்பவர்கள், முன்கண்ணாடி உட்புறம் வெளுத்துப்போகும்போது துணியால் துடைத்துக்கொண்டே லபுக்கலை வளைவுகளில் இறங்குகிறார்கள். ஏ.சி. காற்றின் ஈரத்தைப் பிரித்தெடுக்கிறது. ஹீட்டரையும் சேர்த்துப் போட்டால் சூடான உலர்காற்று கண்ணாடியைச் சீக்கிரம் தெளியவைக்கும். கடுங்குளிரில் மட்டும் ஏ.சி. வாயுவை அழுத்தும் கம்ப்ரசர் தானாக நின்றுவிடக்கூடும்.

பிரித்த ஈரம் வெளியேறும் சிறு ரப்பர் குழாய் அடைத்திருந்ததால் முன் இருக்கையின் காலடி நனைந்து நாறியது. அடியிலிருந்து மெல்லிய நைலோன் நூலைச் செலுத்தி அழுக்கை இழுத்தேன். கப்பளவு தண்ணீர் கொட்டியது. கம்ப்ரசரின் எண்ணெய் வாயுவோடுதான் சுற்றுகிறது என்பதால், தேவையில்லாத வாரத்திலும் பத்து நிமிடம் ஏ.சி.யை ஓடவிடுகிறேன். குளிர்சாதனப் பெட்டியின் பின்புறக் காற்றுத் துளை இன்னும் பாக்கி. அதை அறுக்கச் சிறிய ரம்பம் வாங்கவேண்டும்.