காலியான கட்டமும் பென்சிலினும்

காட்பாடியில் நான் தலைமை மருத்துவராக இருக்கும் சிறிய மருத்துவமனையில் நோயாளர் பதிவு மென்பொருளை மாற்றினோம். "எல்லாத் தகவலும் அப்படியே வந்துவிடும், டாக்டர்" என்றார்கள் நிறுவனத்தார். வந்தது உண்மைதான். எந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது என்பதில்தான் ஆபத்து இருந்தது.

பழைய மென்பொருளில் ஒவ்வாமைக்குத் தனிக் கட்டம் கிடையாது. "பென்சிலின் ஆகாது" என்று மருத்துவர் குறிப்பிலேயே எழுதி வந்தோம். புதியதில் தனிக் கட்டம் உண்டு. அதில் பதிந்திருந்தால்தான் எச்சரிக்கை எழும். எங்கள் குறிப்புகளோ குறிப்புகளாகவே வந்து சேர்ந்தன. சோதனைப் பிரதியில், பென்சிலின் ஒத்துக்கொள்ளாத ஒருவருக்கு, பென்சிலின் வகையையே சேர்ந்த அமாக்ஸிசிலின் எழுதிப் பார்த்தேன். திரை வாய் திறக்கவில்லை. அன்றே தொடக்கத் தேதியைத் தள்ளிவைத்தேன். நிறுவனத்தார் முகம் சுளித்தாலும் வேறு வழியில்லை.

ஒவ்வாமையையும் தொடர் மருந்துகளையும் மனிதரே கேட்டுப் பதிய வேண்டும் என்று முடிவெடுத்தோம். மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டுவரச் சொன்னோம். முதல் வருகையில் செவிலியர் அவற்றைப் பார்த்து, நோயாளியிடம் கேட்டு, பதிவார். "ஒவ்வாமை இல்லை", "இன்னும் கேட்கவில்லை" இரண்டையும் தனித்தனி விடைகளாக வைக்கச் சொல்லி நான் விடாப்பிடியாக நின்றேன். காலியான கட்டத்தை "இல்லை" என்று படித்துவிடுவது எந்த மருத்துவருக்கும் நேரக்கூடியது.

அடுத்த சிக்கல் பெயர்கள். இனிஷியல் ஒரு பதிவில் முன்னால், இன்னொன்றில் பின்னால். மேல்விஷாரம், பேரணாம்பட்டு நோயாளிகளின் உருதுப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் வருகைக்கு ஒரு விதம். கைபேசி எண்ணை வைத்து ஒரே ஆளின் பதிவுகளைச் சேர்க்கலாம் என்றது நிறுவனம். வீட்டுக்கே ஒரு எண்தான் கொடுப்பார்கள் என்று வரவேற்பில் இருக்கும் அக்கா தடுத்தார். அவர் மட்டும் சொல்லாதிருந்தால் மாமியாரின் சர்க்கரை மாத்திரை மருமகளின் பதிவில் ஏறியிருக்கும்! பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், பிறந்த ஆண்டு, ஊர் ஆகிய நான்கும் பொருந்தினால் மட்டும் சேர்ப்பது என்பது அவர் வகுத்த விதி. மாவட்டத்தை வைத்து ஒப்பிட முடியவில்லை. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால், பழைய முகவரிகளில் ஆற்காடும் வாணியம்பாடியும் வேலூரிலேயே இருந்தன.

முதல் வாரம் முன்பதிவைப் பாதியாகக் குறைத்தோம். மின்வெட்டுக்குக் காகிதச் சீட்டு தயாராக இருந்தது.

பழைய மென்பொருள் இன்னும் ஒரு கணினியில் இருக்கிறது. படிக்கலாம், எழுத முடியாது. உள்நோயாளிப் பதிவுகளை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. குழந்தைகளின் பதிவுகளை அதற்கும் மேல் வைத்திருக்கப் போகிறோம்.