720720: ஒரே எண்ணை வைத்து எண்ணியல் படித்த அனுபவம்

போட்டித் தேர்வுக்கு எண்ணியலை எப்படிப் படிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நூறு எண்களை மேலோட்டமாகத் தொடாதீர்கள். ஒரு பெரிய எண்ணை எடுத்துக் கரைத்துக் குடியுங்கள். நான் எடுத்துக்கொண்டது 720720.

முதல் வேலை, பகாக் காரணிகளாகப் பிரிப்பது. 2-ஆல் வகுத்து வகுத்து இறங்க வேண்டாம். மூன்று இலக்கங்கள் அப்படியே மறுபடி வந்தால் அந்த எண் 1001-இன் மடங்கு. எனவே இது 720 × 1001. 1001 என்பது 7 × 11 × 13. இதை மனப்பாடமே செய்துவிடலாம். 720 என்பது 2⁴ × 3² × 5. பிரிப்பு முடிந்தது.

இதற்கு எத்தனை காரணிகள்? அடுக்கோடு ஒன்று கூட்டிப் பெருக்கு என்ற சூத்திரம் எல்லோருக்கும் தெரியும். அந்த ஒன்று ஏன் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு காரணியை உருவாக்கும்போது 2-ஐ நான்கு முறை வரை எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். ஆக ஐந்து வழிகள். 3-க்கு மூன்று, மற்ற நான்கு பகா எண்களுக்கும் இரண்டிரண்டு. 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240.

இது மனதில் பதிந்துவிட்டால், கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் தனிச் சூத்திரம் தேவைப்படாது. ஒற்றைப்படைக் காரணிகளா? 2-ஐத் தொடவே கூடாது, 48. பத்தின் மடங்குகளா? 2 ஒரு முறையாவது வேண்டும், 5 கட்டாயம்; 4 × 3 × 1 × 2 × 2 × 2 = 96. முழு வர்க்கங்களா? இரட்டை அடுக்குகள் மட்டும், ஆறு: 1, 4, 9, 16, 36, 144. இந்த ஆறையும் ஒருமுறை கையால் எழுதிப் பாருங்கள், நம்பிக்கை வரும்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி வேறு. இந்த எண்ணை இரண்டு எண்களின் பெருக்கலாக 120 விதமாக எழுதலாம். அந்த இரண்டும் சார்பகா எண்களாக, அதாவது 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவையாக இருக்க வேண்டும் என்றால்? 2⁴ முழுதாக ஒரு பக்கம் போக வேண்டும், 3² அப்படியே, மற்றவையும் அப்படியே. ஆறு துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கங்கள்: 64. வரிசை முக்கியமில்லை என்பதால் பாதி, 32.

முழு வர்க்கமாக்க எதனால் பெருக்க வேண்டும்? ஒற்றை அடுக்கில் நிற்பவற்றால்: 5 × 7 × 11 × 13 = 5005. பெருக்கினால் 60060-இன் வர்க்கம்.

1 முதல் 16 வரை எல்லா எண்களின் மீச்சிறு பொது மடங்கும் (மீ.சி.ம.) 720720-தான். 15 வரைக்கும் 360360 போதும். 16 வந்ததும் இன்னொரு 2 தேவைப்படுகிறது. ஆகவே, 2 முதல் 16 வரை எதனால் வகுத்தாலும் மீதி 1 தரும், 1-ஐவிடப் பெரிய மிகச் சிறிய எண் 720721. மீதிக் கணக்குகளில் பாதி இந்த அச்சில்தான் வரும்.

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இவ்வளவு காரணிகள் இல்லை என்பது 720720-இன் தனிப் பெருமை. இப்படிப்பட்ட எண்களைப் பற்றித்தான் ராமானுஜன் 1915-இல் நீண்ட கட்டுரை வெளியிட்டார். அவற்றில் பகா எண்கள் 2-இலிருந்து இடைவெளியின்றி வரும், அடுக்குகள் ஏறவே ஏறாது. இங்கே 4, 2, 1, 1, 1, 1.

இது கைவந்ததும் 10!, அதாவது 1 முதல் 10 வரையிலான எண்களின் பெருக்கல் = 3628800-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2⁸ × 3⁴ × 5² × 7, காரணிகள் 270. ஐந்து மடங்கு பெரிதாகியும் முப்பதுதான் கூடியிருக்கிறது. 11-உம் 13-உம் இல்லாததுதான் காரணம்.