குத்துவது ஒரு நொடி, கம்பி மாற்றுவதுதான் பெரும்பாடு

காது மடலின் மேல் விளிம்பில், அதாவது ஹெலிக்ஸில், குத்திக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்டது "வலிக்குமா?" என்பதைத்தான். வலித்தது. சுருக்கென்று ஒரு நொடி, அப்புறம் காது முழுக்கச் சூடு, அவ்வளவுதான். யாருமே கேட்காத விஷயம், காதுக்குள் போகிற கம்பி எவ்வளவு நீளம், அதை எப்போது, யார் மாற்றுவார்கள் என்பது. என்னை அலைய விட்டது அதுதான்.

முதலில் போன இடத்தில் கன் வைத்துக் குத்துவோம் என்றார்கள். ஊசியால் குத்துவீர்களா என்று கேட்டேன். "இதுவும் ஊசி மாதிரிதான், இன்னும் சீக்கிரமா முடிஞ்சிடும்" என்றார் அங்கே இருந்தவர். ஊசி மாதிரியே இல்லை. கன் என்பது மழுங்கலான தோட்டை ஸ்பிரிங் விசையில் காதுக்குள் தள்ளுகிற கருவி. கீழ்க்காது வெறும் சதை, எப்படியோ தாங்கிவிடும். மேலே இருப்பது குருத்தெலும்பு. அதற்கென்று தனி ரத்த ஓட்டம் கிடையாது, மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வை நம்பித்தான் இருக்கிறது. அந்த இடம் நசுங்கி, தொற்றும் வந்துவிட்டால் ஆறுவது லேசில் நடக்காது, முற்றினால் காதின் வடிவமே சுருங்கிப் போகலாம். போதாததற்கு, பிளாஸ்டிக் பாகங்கள் உள்ள கன்னை, அழுத்தமான நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் போட முடியாது, மேலோட்டமாகத் துடைத்து அடுத்தவர் காதுக்கு எடுத்துவிடுவார்கள். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்த ஸ்டூடியோவில் ஊசிதான். போனில் நேரம் வாங்கிக்கொண்டு போனால் வரவேற்பு மேசையிலேயே தடுத்துவிட்டார்கள். அசல் அடையாள அட்டை வேண்டுமாம், போனில் உள்ள படம் செல்லாதாம். விதியில் தப்பில்லை, வயதைச் சரிபார்க்க வேண்டியதுதான். ஆனால் முன்பதிவை உறுதி செய்து இரண்டு முறை குறுஞ்செய்தி அனுப்பியவர்களுக்கு அதில் ஒரு வரி சேர்க்க என்ன கஷ்டம்? அன்றைக்குப் போனது வீண். நீங்கள் போவதாக இருந்தால் அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது எடுப்பவராக இருந்தால் முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

மறுபடி போனபோது குத்திய பெண்மணி கைதேர்ந்தவர். ஆட்டோகிளேவ் செய்த பையை என் கண்முன்னே பிரித்தார், கிருமி நீக்கம் ஆனதற்கு அடையாளமாகப் பையில் உள்ள பட்டை நிறம் மாறியிருப்பதைக் காட்டினார். காதில் ஊதா மையால் ஒரு புள்ளி வைத்துக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். நான் என் மூக்குக்கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன், அதன் கால் சரியாகப் புள்ளிக்குப் பக்கத்தில் வந்து உரசியது. சொன்னதும் முகம் சுளிக்காமல் துடைத்துவிட்டு இன்னொரு புள்ளி, அதையும் துடைத்துவிட்டு மூன்றாவது. இந்த இடத்தில் கூச்சப்படாதீர்கள். கண்ணாடி, ஹெட்போன் என்று தினமும் எதையெல்லாம் காதில் மாட்டுகிறீர்களோ அதையெல்லாம் மாட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள்.

போட்டது டைட்டானியம், உடம்புக்குள் வைக்கிற இம்ப்ளான்ட்களுக்கான ASTM F136 தரம். 16 கேஜ், அதாவது 1.2 மில்லிமீட்டர் தடிமன், பின்பக்கம் தட்டையான வட்டு, நீளம் 8 மில்லிமீட்டர். இதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அப்போது எனக்கே அது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகத்தான் பட்டது. பிற்பாடு கைகொடுத்தது அந்தச் சீட்டுதான்.

முதலில் நீளமான கம்பி போடுவது வீக்கத்துக்கு இடம் விடுவதற்காக. வீக்கம் வடிந்ததும், ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் வந்து குட்டையான கம்பிக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று குத்தியவரே தெளிவாகச் சொல்லி அனுப்பினார். இல்லாவிட்டால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி தலைமுடியில் மாட்டும், துண்டில் மாட்டும், சட்டையைக் கழற்றும்போது உயிரே போகும். ஆடி ஆடி ஓட்டையும் சாய்வாக ஆறிவிடும்.

சொன்ன காலத்தில் போன் செய்தேன். எடுத்தவர், "ஆறு மாசம் ஆகாம கம்பியில கை வைக்கக் கூடாது" என்றார். ஆசைக்காக நகை மாற்றுவதற்கு அந்தக் கணக்கு சரி. நான் கேட்டது கம்பியைக் குட்டையாக்க. இரண்டும் வேறு என்று எத்தனை விதமாக விளக்கினாலும் அவர் அதே வாக்கியத்தில் வந்து நின்றார். மல்லுக்கட்டி நேரம் வாங்கிப் போனால் குத்தியவர் விடுப்பில். இன்னொரு நாள் போனால் அவர் இருக்கிறார், குட்டைக் கம்பி இருப்பில் இல்லை. அதற்குப் பதிலாக மேசையில் இருந்தவர் ஒரு வளையத்தை எடுத்து நீட்டினார், அழகாக இருக்குமாம். ஆறாத ஓட்டைக்குள் வளையம் சுழன்றுகொண்டே இருக்கும், வேண்டாம் என்றேன். வண்ணத்துப்பூச்சித் திருகு வைத்த தோடு ஒன்றைக் காட்டினார். அது பின்பக்கம் அழுத்தும், அழுக்கையும் சேர்க்கும். அதுவும் வேண்டாம்.

இந்த இழுத்தடிப்பில் ஓட்டைக்குப் பின்னால் சிவப்பாக ஒரு கட்டி முளைத்துவிட்டது, மிளகு அளவுதான், ஆனால் கை அங்கேயே போகும். கீலாய்டு என்று பயமுறுத்த ஆள் வரிசையில் நின்றது. கீலாய்டு என்பது தழும்பு, காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும், தானாகச் சுருங்காது. பெரும்பாலும் வருவது உரசலால் எழும் சாதாரணக் கட்டிதான், காரணத்தை நீக்கினால் வற்றிவிடும். ஆஸ்பிரின் மாத்திரையைக் குழைத்துப் பூசு, ஏதாவது எண்ணெய் வை என்று ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். நான் எதையும் தொடவில்லை. கிருமி நீக்கிய 0.9 சதவீத உப்புநீர் ஸ்ப்ரே, நாளைக்கு இரண்டு முறை, அப்புறம் துணித் துண்டால் இல்லாமல் மெல்லிய காகிதத்தால் ஒற்றி எடுப்பது, இவ்வளவுதான். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் புதிதாக வளரும் தோலையும் சேர்த்து அரித்துவிடும். கம்பியைத் தினமும் சுழற்றிவிட வேண்டும் என்பது பழைய அறிவுரை, அதைச் சொல்பவர் எவ்வளவு பெரியவரானாலும் சரி, கேட்காதீர்கள்.

கடைசியில் சீட்டோடு வேறொரு ஸ்டூடியோவுக்குப் போனேன். அங்கே இருந்த தம்பி சீட்டை வாசித்துவிட்டு, காலிப்பரால் காதின் தடிமனை அளந்து, 6 மில்லிமீட்டர் போதும் என்று, டேப்பர் எனப்படும் நுனி கூம்பிய ஒரு வழிகாட்டி ஊசியைத் தொடர்ந்து புதுக் கம்பியைப் பின்னாலிருந்து நுழைத்துவிட்டார். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது! இதற்குத்தானா இவ்வளவு அலைக்கழிப்பு என்று கோபம்தான் வந்தது. சில வாரங்களில் கட்டி வற்றிவிட்டது.

ஆகவே நேரம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்: கம்பியை எத்தனை வாரத்தில் குட்டையாக்குவீர்கள், அந்த அளவு கையிருப்பில் இருக்குமா, குத்துகிறவர் இல்லாவிட்டால் யார் மாற்றுவார்கள். முழுசாக ஆற ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை ஆகும் என்பதால், அந்தக் கடையோடு உங்கள் உறவும் அவ்வளவு நாள் நீளும்.

இன்னொன்று, கட்டி வேறு, தொற்று வேறு. மேல்காது முழுக்கச் சிவந்து வீங்கி, சூடாகி, விண்விண்ணென்று தெறித்து, கீழ்க்காது மட்டும் சாதாரணமாக இருந்தால் ஸ்டூடியோவுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். குருத்தெலும்புத் தொற்றுக்குப் பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாதான் காரணம், எல்லா ஆன்டிபயாட்டிக்கும் அதற்கு வேலை செய்யாது, வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைப் போட்டுப் பார்க்கிற விஷயம் இல்லை. டாக்டர் பார்ப்பதற்குள் தோட்டை நீங்களாகப் பிடுங்கவும் வேண்டாம். ஓட்டை மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தங்கிவிடும்.

தள்ளுபடி தருகிறேன் என்று ஆசை காட்டினாலும் இரண்டு காதிலும் ஒரே நாளில் குத்திக்கொள்ளாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க ஒரு பக்கமாவது மிச்சம் வேண்டும்.