390 வரிக்கும் ஒரே நேரம்

மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் மட்டத்தை அளக்கும் பைதான் ஸ்கிரிப்ட், ஒருவழியாக நேற்று இரவிலிருந்து சிஸ்டம்டி (லினக்ஸில் புரோகிராம்களைத் தானாகத் தொடங்கி நடத்தும் மேலாளர்) சர்வீஸாக ஒழுங்காக ஓடுகிறது. லாகில் ஒவ்வொரு வரிக்கும் அதற்குரிய நேரம் விழுகிறது. கேட்டால் இதெல்லாம் ஒரு வேலையா என்று தோன்றும். எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

சென்சார் பக்கம் பெரிய கதை இல்லை. நீர் புகாத அல்ட்ராசோனிக், ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி. எக்கோ முனையின் 5 வோல்ட்டை இரண்டு ரெசிஸ்டர் போட்டுக் குறைத்து ராஸ்பெரி பை 3பி என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் கொடுத்தாயிற்று. 20 செ.மீ.க்குக் கிட்டே தண்ணீர் வந்தால் உளறும் என்பதால், மூடியின் மேல் ஒரு பழைய டப்பாவைக் கவிழ்த்து உயரத்தில் பொருத்தினேன். சர்வீஸை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் யூனிட் ஃபைலும் வழக்கமானதுதான். மாட்டிக்கொண்டது வரிகளுக்கு நேரம் போடுவதில்.

பைதானிலேயே லாகிங் மாட்யூல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஸ்கிரிப்டைத் தொடாமலே செய்ய வேண்டும் என்று ஒரு வீம்பு. மோர்யூட்டில்ஸ் என்ற கருவித் தொகுப்பில் வரும் 'டிஎஸ்' கமாண்ட் எந்த வரி வந்தாலும் முன்னால் நேரம் ஒட்டும். எக்கோ கமாண்டின் வெளியீட்டை பைப்பில் (ஒரு கமாண்டின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுக்கும் குறி) அனுப்பிப் பார்த்தேன், கச்சிதம். அதே மாதிரி பைப் போட்டு, எதை ஓட்டுவது என்று யூனிட் ஃபைலில் சொல்லும் எக்ஸெக்ஸ்டார்ட்டில் எழுதினேன். சர்வீஸ் பச்சையாக ஓடுகிறது, நேரத்தை மட்டும் காணோம். பைப்பைப் புரிந்துகொள்ளும் ஷெல் அந்த இடத்தில் கிடையாது. பைப் குறியும் டிஎஸ்ஸும் என் ஸ்கிரிப்டுக்கே ஆர்க்யுமென்ட்டாக (கூடுதல் உள்ளீடாக) போயிருக்கின்றன. என் ஸ்கிரிப்ட் ஆர்க்யுமென்ட்டைத் திரும்பியும் பார்க்காது, அதனால் ஒரு எர்ரர்கூட இல்லை.

சரி, ஷெல்லைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் அதற்குள் வைத்தேன். இப்போது ஒவ்வொரு வரிக்கும் முன்னால் 'மாடி::/வார்/லிப்' என்று வந்தது. ஹேக் ஆகிவிட்டதோ என்று ஒரு நிமிடம் பயந்துவிட்டேன். 'மாடி' என்பது என் ராஸ்பெரி பையின் பெயர். மணி, நிமிடம், நொடிக்காக நான் சதவீதக் குறியோடு எழுதிய மூன்று எழுத்துகளுக்கும் சிஸ்டம்டி வேறு அர்த்தம் வைத்திருக்கிறது. பெரிய ஹெச் என்றால் ஹோஸ்ட்நேம் (மெஷினின் பெயர்), பெரிய எஸ் என்றால் ஸ்டேட் டைரக்டரி (சர்வீஸ்கள் தகவல் சேமிக்கும் ஃபோல்டர்), பெரிய எம்முக்கு என் சிஸ்டத்தில் மதிப்பே இல்லை. டிஎஸ்ஸுக்குப் போவதற்கு முன்பே இது எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. சதவீதக் குறியை இரட்டையாகப் போட்டதும் மணி வந்தது.

சோதனைக்காக நொடிக்கு ஒரு முறை அளக்க விட்டிருந்தேன். ஸ்டார்ட் கொடுத்ததும் எதுவும் வராது. டீ குடித்துவிட்டு வந்தால் வரிகள் குவிந்திருக்கும். எஸ்டி கார்டு மந்தம் என்று நினைத்துக்கொண்டேன். அங்கேயே பிடித்திருக்க வேண்டும். நேரத்தின் வடிவம் சரியாக இருந்த சந்தோஷத்தில் நிமிடத்துக்கு ஒன்று என்று மாற்றிவிட்டு இரவு 11 மணிக்குப் படுத்தேன்.

காலையில் மோட்டார் போட வந்த அம்மா, "ராத்திரி பூரா ஓடுச்சே உன் மெஷின், எப்போ தொட்டி காலியாச்சுன்னு சொல்லு பாப்போம்" என்றார். லாகைத் திறந்தால் 390 வரிகள், அத்தனைக்கும் விடியற்காலை 5:30.

பைதானின் வெளியீடு டெர்மினலுக்குப் போனால் வரிக்கு வரி போகும். பைப்புக்கோ ஃபைலுக்கோ போனால் 8192 பைட் சேரும் வரை பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) பிடித்து வைத்துக்கொள்ளும். என் வரி ஒன்று 21 பைட். வகுத்தால் 390, அதாவது ஆறரை மணி நேரம். டிஎஸ் ஒட்டுவது வரி கைக்கு வந்த நேரத்தை, எழுதப்பட்ட நேரத்தை அல்ல. கோபத்தில் ரீஸ்டார்ட் அடித்தேன். அதற்குப் பிறகு பஃபரில் சேர்ந்திருந்த வரிகளும் மொத்தமாகப் போயின. நிறுத்தச் சொல்லும் டெர்ம் சிக்னலில் சாகும் பைதான் கையில் இருப்பதை எழுதிவிட்டுச் சாவதில்லை.

மருந்து ஒரே எழுத்து: பைதானுக்குப் பக்கத்தில், பஃபரில் பிடித்து வைக்காதே என்று சொல்லும் ஹைஃபன் யு. அதைப் போட்ட பிறகுதான் உறைத்தது, சிஸ்டம்டியின் சொந்த லாகான ஜர்னல் தானாகவே ஒவ்வொரு வரிக்கும் நேரம் குறிக்கிறது. டிஎஸ், ஷெல், இரட்டைச் சதவீதம் எல்லாவற்றையும் தூக்கிக் கடாசினேன். அதைப் படிக்கும் ஜர்னல்சிடிஎல் கமாண்டில் ஷார்ட்-ஐஎஸ்ஓ என்ற வடிவம் போட்டுப் பார்த்தால் தேதியோடு அழகாக இருக்கிறது.

அப்புறம் கரண்ட் போனது. 3பி-யில் கடிகார சிப் கிடையாது. கரண்ட் வந்து எழுந்ததும் கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கி, நெட் கிடைத்ததும் ஒரே தாவு. டைம்-சிங்க் டார்கெட்டுக்குப் பிறகு, அதாவது நேரம் சரியான பிறகு, ஸ்டார்ட் ஆகு என்று கட்டிப்போட்டுப் பார்த்தேன். ஒரு நாள் மாலை முழுக்க நெட் இல்லை, சர்வீஸும் எழவில்லை. எடுத்துவிட்டேன். இப்போதைக்கு ஷார்ட்-மோனோடோனிக் போட்டு, பூட் ஆனதிலிருந்து எத்தனை நொடி என்று கணக்குப் போட்டுக்கொள்கிறேன்.

சென்னை ரிச்சி தெருவில் டிஎஸ்3231 கடிகார மாட்யூல் வாங்கி வந்திருக்கிறேன். எதிரெதிர்க் கடைகளில் விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். கேட்டால் "அது வேற குவாலிட்டி சார்". பார்த்தால் இரண்டும் அதே நீலப் பலகை. அதில் சார்ஜிங் சர்க்யூட் உண்டு, கூடவே கடைக்காரர் கொடுத்ததோ சார்ஜ் ஆகாத சிஆர்2032. பையின் 3.3 வோல்ட்டில் பயமில்லைதான். இருந்தாலும் சார்ஜிங் சர்க்யூட்டில் 201 என்று போட்ட ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டுத்தான் மாட்டுவேன். சால்டரிங் அயர்ன் பிட் தேய்ந்து கிடக்கிறது. புதிது வாங்க மறந்து பஸ் ஏறிவிட்டேன்.